போனக்காட்டிலிருந்து ஒரு பூனைக்குட்டி



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால், சாலை முடிந்து மலை தொடங்கும் இடத்தில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதற்கு அப்பால் அகத்தியர்கூடம், 1868 மீட்டர் உயரத்தில் முகிலைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. திருவிதாங்கூர் அரசரின் வானாய்வு நிலையத்துக்குத் தலைவராய் இருந்த ஜான் ஆலன் பிரௌன் என்பவர் 1855-ஆம் ஆண்டில் அம்மலை மீது ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். இன்று அச்சிகரத்துக்கு ஏறிச் செல்வோர் போனக்காட்டிலிருந்தே நடக்கத் தொடங்குகின்றனர்.

தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்கச் சென்றவர்களின் வழிவந்த குடும்பங்கள் அங்கே இன்னும் சில உண்டு. அவற்றுள் ஒன்று எங்களுடையது. நாங்கள் படித்து, மத்திய அரசின் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறிவிட்டோம். எங்கள் அக்கா மட்டும் லயத்தை விட்டு இறங்கவில்லை. ஆலையின் சக்கரங்கள் ஓய்ந்து பல ஆண்டுகளாயின, கூரைகள் ஒழுகுகின்றன, பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராய் இறங்கிப் போயினர். பழைய துரை பங்களா ஒன்றில் பேய் உலவுவதாகக் கதை பரவி, நகரத்து இளைஞர்கள் அதைக் காண வருவதுண்டு. "பேய்க்கு இங்கே யார் சம்பளம் கொடுக்கப் போகிறார்கள், தம்பி?" என்று அக்கா கேட்பார்.

அந்த லயத்து வீட்டிலிருந்து நீண்ட மயிருள்ள பூனைக்குட்டி ஒன்று இம்மாத இறுதியில் எங்கள் வீட்டுக்கு வர இருக்கிறது. அதனை வரவேற்க நாங்கள் செய்துவரும் ஏற்பாடுகளையே இன்று கூற எண்ணினோம். தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவர் பலர் இத்தகைய பூனைகளை விரும்பி வளர்ப்பதைக் காண்கிறோம். எங்கள் அனுபவம் அவர்களுக்குச் சிறிது பயன்படலாம்.

அனுபவம் என்றவுடன் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இது எங்கள் இரண்டாம் பூனைக்குட்டி. முதலாவது, எங்கள் கையாலேயே மாண்டது.

அது நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தெருவில் கண்டெடுத்த சாதாரணக் குட்டி. ஒரு மழை நாளில் அதன் உடம்பு அனலாய்க் கொதித்தது. மூக்கு ஒழுகிற்று. வீட்டில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்து, நீரில் குழைத்து, அன்போடு வாயில் ஊற்றினோம். சில மணி நேரத்தில் அதன் ஈறுகள் பழுப்பு நிறமாயின. முகம் வீங்கிற்று. மூச்சு முட்டிற்று. விடியற்காலையில் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் வாயைத் திறந்து பார்த்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று பகலில் குட்டி இறந்தது.

மனிதனின் ஈரல் அம்மருந்தைப் பிரித்து வெளியேற்றும் வழியில் ஒரு நொதி இருக்கிறது. பூனையின் ஈரலில் அது மிகக் குறைவு. எனவே மருந்து நஞ்சாய் மாறி, இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருளைக் கெடுக்கிறது. கெட்ட இரத்தம் உயிர்க்காற்றைச் சுமப்பதில்லை. வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொல்லக்கூடும் என்றால், அரைக் கிலோ எடையுள்ள குட்டி எம்மாத்திரம்! இதை நாங்கள் அறிந்தது பின்னர். மனிதருக்குரிய எந்த மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் பூனைக்குக் கொடுக்கலாகாது. நாய்க்கு உண்ணி போக்கப் பூசும் தைலங்கள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. அதுவும் பூனைக்கு நஞ்சே. நாயும் பூனையும் ஒரே கடையில் மருந்து வாங்கினாலும், அவற்றின் உடம்பு ஒன்றன்று.

அதற்குப் பிறகு பூனை என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. எங்கள் மகளுக்கு இப்போது பதினொரு வயது. பழைய கதை அவளுக்குத் தெரியாது. சென்ற விடுமுறையில் போனக்காட்டுக்குச் சென்றவள், அத்தை வீட்டு அடுப்படியில் நான்கு குட்டிகளைக் கண்டாள். மூன்று குட்டிகள் சாதாரண மயிருடையவை. நான்காவதின் வால் மட்டும் சாமரம் போல இருந்தது. அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பாரசீகத்து மயிர் எப்படி முளைத்தது என்று நேயர்கள் வியக்கலாம். அக்காவின் மகன் நகரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். வீடு மாற்றிச் சென்ற ஒரு குடும்பத்தார் தங்கள் பெர்ஷியன் பூனையை அவனிடம் விட்டுப் போயினர். அவன் அதைத் தாயிடம் கொண்டுபோய் விட்டான். அது தோட்டத்துக் கடுவனோடு கூடி ஈன்ற குட்டிகள் யாவும் குறுமயிருடையனவாய்ப் பிறந்தன. "வெளிநாட்டுச் சரக்கு நம்மூர் மழையில் சாயம் போயிற்று" என்று அயலார் நகைத்தனராம். சாயம் போகவில்லை, மறைந்திருந்தது. மயிரின் நீளத்தை ஓர் அளவில் நிறுத்தும் மரபணு ஒன்று உண்டு. அது பழுதுபட்டால் மயிர் நீளும். 2007-ஆம் ஆண்டில் அறிஞர்கள் இதைப் பூனையில் கண்டறிந்தனர். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுபட்ட பிரதிகளையே பெற்ற குட்டிக்குத்தான் மயிர் நீளும். ஒன்று மட்டும் பெற்றது குறுமயிரோடு அப்பழுதைச் சுமந்து திரியும். அப்படிச் சுமக்கும் பெண்ணும் ஆணும் கூடினால், நான்கில் ஒன்று நெடுமயிரோடு பிறக்க வாய்ப்புண்டு. பாட்டியின் கூந்தல் பேத்திக்கு வந்தது இவ்வாறே.

இக்கூந்தலின் பயணம் நெடியது. பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர் 1620-ஆம் ஆண்டளவில் பாரசீகத்திலிருந்து எழுதிய மடலொன்றில், கொராசான் நாட்டுப் பட்டுமயிர்ப் பூனைகளை வியந்து பேசி, அவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்புவதாகத் தெரிவித்தார். அதே மனிதர் சில ஆண்டுகளுக்குப் பின் நம் மேற்குக் கடற்கரைக்கும் வந்து, கோழிக்கோடு வரை சென்றார் என்பது சுவையான செய்தி. 1871-இல் இலண்டனில் ஹாரிசன் வியர் என்பவர் பளிங்கு மாளிகையில் பூனைக் காட்சி ஒன்றை நடத்தினார். அதற்குப் பின்னரே பூனைகளைக் குலம் பார்த்துப் பிரிக்கும் வழக்கம் வலுத்தது. முகம் தட்டையாய் இருப்பதே அழகு என்று மனிதர் தீர்மானித்தனர். அந்த அழகுக்காகப் பூனைகள் மூச்சுத் திணறுகின்றன, கண்ணீர் வடிக்கின்றன. எங்கள் குட்டிக்கு மூக்கு ஓரளவு நீண்டே இருக்கிறது. தோட்டத்துக் கடுவன்களுக்கு நன்றி.

மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்டவர்களுக்குச் சொல்லைக் கண்டால் கால் நிற்கும். கீரி, வெருகு, எலி, அணில் இவற்றின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பியம் மரபியலில் கூறுகிறது. 'பறழ்' என்றாலும் இழுக்கில்லையாம். வெருகு என்பது காட்டுப் பூனை. மலையாளத்தில் குட்டி என்றால் பெண் குழந்தையையும் குறிக்கும். ஆதலின், "எங்கள் வீட்டுக்கு ஒரு குட்டி வரப்போகிறது" என்று நாங்கள் சொன்னதைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மையார், தத்து எடுக்கப் போகிறோம் என்று எண்ணி எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டார். செய்தி விளங்கியதும் சிறிது ஏமாற்றத்தோடு, பழைய துணிகள் தருவதாக வாக்களித்தார்.

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம்.

முதல் ஏற்பாடு, அவசரப்படாமை. கண் திறந்து தத்தித் தத்தி நடக்கும் ஐந்து வாரக் குட்டியைக் கண்டவுடன் தூக்கிச் செல்லத் தோன்றும். அது கூடாது. எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்தல் ஆகாது; பன்னிரண்டு வாரம் வரை விட்டுவைத்தல் நன்று. கடித்தால் வலிக்கும் என்பதையும், நகத்தை எப்போது உள்ளிழுக்க வேண்டும் என்பதையும் குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமுமே பயில்கிறது. ஆனால் மனிதரை அஞ்சாமல் பழகும் பருவம் பெரும்பாலும் இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரத்துக்குள் முடிந்துவிடும். எனவே, அக்காவிடம் ஒரு வேலை ஒப்படைத்தோம்: நாள்தோறும் குட்டியை மடியில் எடுத்து, பாதம், காது, வயிறு, வால் எல்லாவற்றையும் தொட்டுப் பழக்கி, பழைய சீப்பினால் இரண்டு நிமிடம் வார வேண்டும். "ஆயுள் முழுதும் கொழுந்து பறித்த கை, பூனைக்கு முடி பின்னவும் வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே செய்கிறார்.

ஒவ்வொரு ஞாயிறும் அக்கா அதனை எடை பார்த்துத் தொலைபேசியில் சொல்கிறார். அண்டைக் கடைத் தராசில் அரிசிக்குப் பதிலாகப் பூனை ஏறுகிறது. வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் கூடுதல் நல்ல அறிகுறி. ஒரு வாரம் கூடவில்லை என்றால் உடனே விசாரிக்க வேண்டும். ஏழாம் வாரத்தில் அப்படி நேர்ந்தது. வயிறு உப்பியும் முதுகெலும்பு தெரிந்தும் இருப்பதாக அக்கா கூறினார். விதுராவில் காட்டியபோது குடற்புழு என்று தெரிந்தது. மருந்து கொடுத்தபின் சரியாயிற்று. குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே புழு ஏறும். பன்னிரண்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, எடைக்கு ஏற்ற அளவில், பூனைக்கென்றே உள்ள மருந்தை மருத்துவர் சொற்படி கொடுத்தல் வழக்கம்.

தடுப்பூசி பற்றியும் கூற வேண்டும். விதுராவுக்கு அண்மையில் பாலோட்டில் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து செய்யும் அரசு நிறுவனமே இருக்கிறது. ஆயினும் லயத்துப் பூனைக்கு ஊசி போட வேண்டும் என்னும் நினைப்பு எங்கள் முன்னோர் எவருக்கும் எழுந்ததில்லை. பூனைக்கு உரிய மூன்று கொடிய தொற்றுநோய்களுக்குச் சேர்த்து ஓர் ஊசி உண்டு. அவற்றுள் ஒன்று வாந்தியும் பேதியுமாய் வந்து இரண்டொரு நாளில் குட்டியைக் கொண்டுபோவது. மற்ற இரண்டும் கண்ணையும் மூக்கையும் வாயையும் தாக்குவன. இவ்வூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் கடக்கும் வரை திரும்பப் போட வேண்டும். இடையில் நிறுத்தினால் முன்பு போட்டது பயன்படாமற் போகலாம். தாய்ப்பாலில் வந்த பாதுகாப்பே சில வேளை ஊசியின் வேலையைத் தடுத்துவிடும். வெறிநோய் எனப்படும் ரேபீஸ் ஊசியைப் பன்னிரண்டு வாரத்துக்குப் பின் போடுவர்.

கேரளத்தில் பூனைக்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ள வருவோர் தொகை சிறிதன்று. பூனை கடித்தாலோ கீறினாலோ, அது வீட்டுப் பூனைதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருத்தல் தவறு. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய் வெளிப்பட்டபின் காக்கும் மருந்து இல்லை. மகளுக்கு இதை நாங்கள் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கீறல் பட்டால் திட்டுவார்கள் என்று அஞ்சி மறைப்பது குழந்தைகளின் இயல்பு. திட்டமாட்டோம் என்று வாக்கும் கொடுத்திருக்கிறோம்.

பாட்டிப் பூனை ஏழு வயதில் இறந்தது. கடைசி மாதங்களில் நீரை அளவின்றிக் குடித்து, உண்ண மறுத்து, மெலிந்து போயிற்று என்று அக்கா சொன்னார். காரணத்தை எவரும் ஆராயவில்லை. பெர்ஷியன் குலத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்து மெல்ல மெல்ல அதனை அழிக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. பல நாடுகளில் ஆராய்ந்தபோது இக்குலப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அதனை உடையனவாய் இருந்தன. ஒரு பெற்றோரிடம் இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். பாட்டிக்கு அந்நோயே இருந்திருக்குமானால், பேத்திக்கு வந்திருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. வாய்க்குள் பஞ்சால் துடைத்தெடுத்த எச்சிலைக் கொண்டே மரபணுச் சோதனை செய்யலாம். ஒலி அலைப் படத்திலும் காணலாம். பத்து மாத வயதுக்குப் பின் அது தெளிவாகத் தெரியும்.

சோதனையில் நோய் உண்டு என்று வந்தால் என்ன செய்வது? இக்கேள்வியை இரண்டு இரவுகள் பேசினோம். மனைவியார் சொன்னது இது: "தெரிந்துகொள்வது அவளைத் திருப்பி அனுப்புவதற்காக என்றால், சோதனையே வேண்டாம்." எனவே குட்டியை ஏற்பதற்கோ விலக்குவதற்கோ அச்சோதனையைச் செய்யவில்லை. நோய் இருப்பின் அடிக்கடி இரத்தம் பார்க்கலாம். உணவையும் நீரையும் கவனித்துக் கொடுக்கலாம். பல பூனைகள் அப்படியே பல ஆண்டுகள் வாழ்கின்றன. எவ்வாறாயினும் அதற்குக் கருத்தடை அறுவை செய்விக்க முடிவு செய்திருக்கிறோம். பெண்பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும். கர்ப்பம் ஒன்பது வாரம்தான். ஓராண்டில் எத்தனை குட்டிகள், அவற்றுக்கு எத்தனை வீடுகள் என்று கணக்கிட்டால் தலை சுற்றும்.

வீட்டைப் பூனைக்கண்ணால் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்தோம். அதன்படி ஒரு மாலை மகளும் நாங்களும் தரையில் மண்டியிட்டு அறை அறையாகத் தவழ்ந்தோம். நிமிர்ந்து நின்றபோது இருபது ஆண்டுகளாய்க் கண்ணில் படாத அபாயங்கள் எல்லாம் அப்போது தென்பட்டன. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறச் சந்து, மின்கம்பிகள், தையல் ஊசி, இரப்பர் வளையம். பூத்தொடுத்த நூல் மிகவும் பொல்லாதது. மல்லிகைச் சரத்தை விளையாட்டாக மென்று விழுங்கினால், நூலின் ஒரு முனை நாவிலோ வயிற்றிலோ சிக்கி, மறுமுனை குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கக் கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பூசை அறையில் அரளி. முற்றத்துத் தொட்டியில் செங்காந்தள். வாசலில் அழகுக்கு வைத்த ஈந்துச் செடி. மூன்றும் நஞ்சு. பூங்கொத்துகளில் வரும் லில்லி மலரோ, அதன் மகரந்தம் மேலே பட்டு நக்கினாலும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கவல்லது. அரளியை வெளியேற்றுவதற்கு மனைவியார் இசையவில்லை, கடவுளுக்குரிய பூவாயிற்றே. இறுதியில் பூக்கூடையைத் தட்டில் வைத்து மூடி, உயர்ந்த மாடத்தில் பூட்டி வைப்பதென்று உடன்பாடு ஏற்பட்டது. அலமாரியிலிருந்த பாச்சை உருண்டைகள் போயின. பினாயில் ஊற்றித் தரை துடைப்பதை நிறுத்தினோம். நாமெல்லாம் பினாயில் மணத்தைத் தூய்மையின் மணம் என்று கருதிப் பழகியவர்கள். ஆனால் பூனை ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கும். மாத்திரையின் நஞ்சை முறிக்க இயலாத அதே ஈரல் இதனையும் முறிக்க இயலாது தவிக்கும். சோப்பு நீர் போதும்.

மாடி வீடுகளில் வாழ்வோர் பலகணிகளுக்கும் முன்மாடத்துக்கும் வலை கட்டாமல் பூனையைக் கொண்டுவருதல் ஆகாது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றி நிற்கும் என்பது பாதி உண்மை. காலூன்றும், கால் முறியும், தாடையும் நெஞ்சும் தரையில் மோதும்.

குட்டிக்கென முதலில் ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறோம். முழு வீட்டையும் முதல் நாளிலேயே திறந்துவிட்டால் எங்கேனும் இடுக்கில் புகுந்து இரண்டு நாள் வெளிவராது. அவ்வறையில் ஒரு மூலையில் தண்ணீரும் உணவும், எதிர் மூலையில் மண் தட்டு. உண்ணும் இடத்தருகே மலங்கழிக்கப் பூனை இசைவதில்லை. இவ்வொழுக்கத்தில் சில மனிதரினும் அது மேலானது. லயத்தில் அடுப்புச் சாம்பலில் பழகிய குட்டி ஆதலால், அக்காவிடம் இரண்டு பை சாம்பல் கேட்டிருக்கிறோம். புது மணலோடு முதலில் அதனைக் கலந்து, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நீர் பட்டால் கட்டியாகும் கடைமண்ணைச் சிறு குட்டிகளுக்கு வைக்காதிருத்தல் நலம். அவை அதனைத் தின்று பார்க்கும். தட்டை நாள்தோறும் அள்ளித் தூய்மை செய்ய வேண்டும். கருவுற்ற பெண்கள் வீட்டில் இருந்தால் அவ்வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும். பூனையின் மலத்தில் ஒருவகை நுண்ணுயிர் இருந்து கருவைத் தாக்கக்கூடும்.

நகம் கூராக்க ஒரு தூண் வேண்டும். கடையில் விலை கேட்டுத் திரும்பிவிட்டோம். கயிற்றுக்குப் பெயர்போன நாட்டில் இருந்துகொண்டு அதற்கு ஏன் பணம் கொடுப்பது? பழைய மேசைக்கால் ஒன்றில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாய்ச் சுற்றி, கனத்த பலகையில் அறைந்து நிறுத்தினோம். முழு உயரத்துக்கு நிமிர்ந்து கீறத் தக்கதாகவும், ஆடாததாகவும் இருக்க வேண்டும். ஆடினால் பூனை அதனை நம்பாது, நம் நாற்காலியை நாடிச் செல்லும்.

உணவு விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பெரும் விவாதம் நடந்தது. நாங்கள் தோட்டத்தில் கருவாட்டோடு வளர்ந்தவர்கள். மனைவியார் முட்டையும் தொடாத குடும்பத்தில் பிறந்தவர். "தயிர்சாதம் தின்று வளர்ந்த பூனைகள் எங்கள் அக்கிரகாரத்தில் இல்லையா?" என்று கேட்டார். இருந்தன, கொல்லையில் எலியும் பல்லியும் பிடித்து மிச்சத்தைச் சரிக்கட்டின. அடைத்த வீட்டில் வாழும் பூனைக்கு அவ்வழி இல்லை. டாரின் என்னும் சத்தைப் பூனை போதிய அளவு தன் உடம்பில் ஆக்கிக்கொள்ளாது. அது இறைச்சியிலும் மீனிலுமே உண்டு. அது குறைந்தால் பூனைக்குக் கண் குருடாகும் என்று 1975-இலும், இதயம் தளர்ந்து பெருத்துவிடும் என்று 1987-இலும் ஆராய்ச்சியாளர் நிறுவினர். சைவ உணவில் நாயைக்கூட ஒருவாறு காக்கலாம். பூனையைக் காத்தல் அரிது. இதை அறிந்தபின் மனைவியார் வாதத்தை நிறுத்தினார். தனிப் பாத்திரம், தனி அடுப்பு, அதையும் நாங்களே கழுவ வேண்டும் என்பன உடன்படிக்கையின் விதிகள். சைவக் குடும்பங்களில் பூனை வளர்க்க விரும்புவோர் இவ்விவாதத்தைப் பூனை வருவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. இசைவு ஏற்படவில்லை என்றால் முயலோ கிளியோ... இல்லை, கிளி வேண்டாம். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைத்தல் சட்டப்படி குற்றம்.

மீன் மட்டுமே கொடுத்தலும் பிழை. திருவனந்தபுரத்துச் சாளை மலிவு. ஆனால் கொழுப்பு மீனையே நாள்தோறும் தின்றால் உடலின் கொழுப்பு அழற்சி கொள்ளும். பச்சை மீன்கள் சிலவற்றில் பி-1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. எனவே குட்டிகளுக்கென்று அளவறிந்து செய்த கடை உணவே அடிப்படை. வேகவைத்து முள் நீக்கிய மீனும் கோழியும் அவ்வப்போது. உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு கூடா. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். கிண்ணத்தில் பாலை வைத்துப் பூனையை அழைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. பால்குடி மறந்த பூனைகளுள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது; கழிச்சல் உண்டாகும். நெடுமயிர்ப் பூனைக்குக் கழிச்சல் வந்தால் பின்புறத்து மயிரைக் கழுவி மாளாது.

அம்மயிரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நெடுமயிர்ப் பூனையை வாங்குவோர் பலர் அழகை வாங்குவதாக எண்ணுகின்றனர். வாங்குவது நாள்தோறும் பதினைந்து நிமிட வேலையை. சாதாரணப் பூனை தன் நாவினாலேயே உடம்பை வாரிக்கொள்ளும். இதன் மயிருக்கு அந்நா போதாது. இரண்டு நாள் வாராமல் விட்டால் அக்குளிலும் காதின் பின்னும் வயிற்றிலும் தொடையிலும் சிக்கு விழும். சிக்கு இறுகினால் தோலை இழுக்கும். அடியில் காற்றுப் புகாது. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் புண்ணும் படர்தாமரையும் தோன்றும். படர்தாமரை பூனையோடு நில்லாது, குழந்தைகளின் கையிலும் கழுத்திலும் வட்டமாய் எழும்.

அகன்ற பல்லுள்ள உலோகச் சீப்பு ஒன்றும், நெருங்கிய பல்லுள்ளது ஒன்றும் வாங்கியிருக்கிறோம். மயிரின் நுனியிலிருந்து தொடங்கி அடியை நோக்கிச் செல்ல வேண்டும். சிக்கை விரலால் பிரித்துப் பார்த்து, பிரியாவிட்டால் மருத்துவரிடமோ பழகியவரிடமோ காட்ட வேண்டும். கத்தரிக்கோலை நீட்டக் கூடாது. பூனைத்தோல் மெல்லியது, சிக்கோடு எழும்பி நிற்கும், ஒரு நொடியில் வெட்டுண்ணும். சிக்கைப் போக்கக் குளிப்பாட்டுதல் இன்னொரு தவறு. நனைந்த சிக்கு கயிறாய் முறுகும். முதலில் வாரி, பின்னரே குளியல். நன்கு உலர்த்தவும் வேண்டும். நாவால் விழுங்கிய மயிர் வயிற்றில் திரண்டு, அவ்வப்போது வாந்தியில் சிறு திரியைப் போல வரும். மாதம் ஒன்றிரண்டு முறை என்றால் பொறுக்கலாம். வாந்தி எடுக்க முயன்றும் வராமல், உணவையும் மறுத்தால் தாமதிக்கக் கூடாது. குட்டி ஒரு நாள் முழுதும் உண்ணாதிருத்தலே அபாயம்.

வெப்பத்தையும் அது தாங்காது. தில்லியின் கோடையில் வாழும் நேயர்கள் இதனை மனத்தில் கொள்ளவேண்டும். பூனை வாயைத் திறந்து நாய்போல் இரைத்தால் அது நலமாயில்லை. குளிர்ந்த தரை, நிழல், காற்று, பல இடங்களில் தண்ணீர், இவையே தேவை. வெயிலுக்கென்று மொட்டை அடித்துவிடுதலும் வேண்டாம்.

பயணத்துக்குக் கதவுள்ள உறுதியான கூடை ஒன்றை வாங்கி, அதனைச் சென்ற மாதமே போனக்காட்டுக்கு அனுப்பிவிட்டோம். பயணத்தன்று முதல்முறையாகக் கூடையைக் கண்டால் குட்டி அதனைச் சிறையாகக் கருதும். இப்போதோ அதுவும் அதன் தாயும் உள்ளே உறங்குகின்றன என்று கேள்வி. தாயின் மணம் ஏறிய துணியோடு கூடை திரும்பி வரும். நெடுந்தூரம் ரயிலில் கொண்டுசெல்ல விரும்புவோர், நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே விதிகளைக் கேட்டறிந்து, தடுப்பூசிச் சான்றையும் கையோடு வைத்திருக்க வேண்டும்.

எஞ்சிய மூன்று குட்டிகளில் இரண்டுக்கு விதுராவில் இடம் கிடைத்துவிட்டது. மூன்றாவது என்ன ஆயிற்று என்று நாங்கள் அக்காவைக் கேட்கவில்லை. காலியான லயங்களில் மனிதர் விட்டுச்சென்ற பூனைகள் பல திரிகின்றன. இரவில் சிறுத்தையும் இறங்கி வருகிறது. தாய்ப்பூனையைப் பற்றி மட்டும் கேட்டோம். அக்காவும் எங்களோடு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் வேண்டுகோள். கூரை இந்த மழைக்குத் தாங்காது.

"நாய் ஆளைப் பார்த்து இருக்கும், பூனை வீட்டைப் பார்த்து இருக்கும், தம்பி" என்றார். "நான் இறங்கினால் இவள் இந்த வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்."

"அவளையும் கூட்டி வாருங்கள், அக்கா. கதவடைத்த அறையில் மூன்று வாரம் வைத்திருந்தால் பூனைக்குப் புது வீடும் பழகும்."

தொலைபேசியில் சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மூன்று வாரம் போதுமா?" என்று கேட்டார். பூனையைக் குறித்துத்தான் கேட்டாரா என்பது விளங்கவில்லை. போதும் என்று சொன்னோம்.

அன்று மாலையே மகளை அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்று, இரண்டாவது கூடையும் இரண்டாவது மண் தட்டும் வாங்கினோம். பூனைகளின் எண்ணிக்கையினும் ஒரு தட்டு அதிகம் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். ஆகவே மூன்றாவதும் வாங்கினோம். பின்னறையைக் காலி செய்து, சாளரத்தருகே ஒரு கட்டிலையும் போட்டு வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை முதல் பேருந்தில் போனக்காட்டுக்குப் புறப்படுகிறோம்.